சந்துக்குள் ஒரு படகும் நாற்பத்தெட்டு நாளும்

எங்கள் வீட்டு வாசலில் ஏழு வாரம் ஒரு படகு நின்றது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இது ஒரு செய்தியா என்று கேட்பார்கள். நாங்கள் இருப்பது தாராவியில், எட்டடி அகலமுள்ள ஒரு சந்தில். பெருமழை பெய்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதைத் தவிர அங்கே படகுக்கு ஒரு வேலையும் கிடையாது.

கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். சந்து முனையில் அவருக்குப் பெட்டி ரிப்பேர் கடை. சக்கரம் போன சூட்கேஸ், கைப்பிடி உடைந்த சூட்கேஸ், வாயைத் திறந்துகொண்டு மூட மறுக்கிற சூட்கேஸ் எல்லாம் அவரிடம் வரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், இன்ன கம்பெனிப் பெட்டி, இன்ன மாடல் என்று சொல்லிவிடுவார். அவருக்கு உலகத்தில் பெருமை என்று இருப்பது அது ஒன்றுதான். கல்யாண வீடுகளுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன்பே, மூலையில் அடுக்கி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் பெட்டிகளையெல்லாம் சுண்டிப் பார்த்துவிட்டு வருவார். நான் அவரைத் தெரியாத மாதிரி நின்றுகொள்வேன்.

ஆனி மாதத்தின் நடுவில் கோவண்டியில் ஒரு பழைய கிடங்கை இடித்தார்கள். பழைய சாமான் எடுக்கிற அவருடைய கூட்டாளி ஒருவர், உள்ளே ஒரு ஃபைபர் படகு கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போனால் போதும், காசு வேண்டாம் என்றிருக்கிறார். அறுத்து வைத்துக்கொண்டால் உடைந்த சூட்கேஸ்களுக்கு ஒட்டுப் போடலாம் என்பது இவருடைய யோசனை. பம்பாயில் உள்ள அத்தனை சூட்கேஸுக்கும் ஒட்டுப் போட்டாலும் அதில் பாதிப் படகு மிச்சம் இருக்கும். அதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டெம்போவில் வந்து இறங்கியது. பத்துப் பேர் சேர்ந்து சந்துக்குள் சாய்த்து, நிமிர்த்தி, இழுத்து வந்தார்கள். பதினாலடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்திருக்க வேண்டும். மோட்டார் இல்லை, மோட்டார் மாட்டுகிற பலகை மட்டும் இருந்தது. பின்பக்கம் எங்கள் வாசற்படியில் இடித்து, ஒரு உரசு உரசிவிட்டு நின்றது.

அடுத்த வீட்டு அக்கா வெளியே வந்தாள். படகை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னட்டி, ஊருக்குப் போக ரயில்ல டிக்கெட் கெடைக்கலையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மன் கோவிலில் ஆடி மாதக் கடைசிச் செவ்வாய் கொடைத் திருவிழா. அன்றைக்குச் சாயங்காலம் அம்மன் சப்பரத்தில் ஏறி, மேளத்தோடு சந்து சந்தாக வருவாள். ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். நான் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்த வருஷமும், என் வீட்டுக்காரருக்குக் கை முறிந்து கடை பூட்டிக் கிடந்த வருஷமும், அம்மன் என் வாசலுக்கு வந்து முகம் காட்டிவிட்டுத்தான் போனாள். கோவிலுக்குப் போய் நான் அவளைப் பார்ப்பது வேறு. அவள் என்னைப் பார்க்க வருவது வேறு. அதை விவரமாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

கோவில் கமிட்டித் தலைவர் அன்றைக்கே டேப்போடு வந்துவிட்டார். படகை அளந்தார், சந்தை அளந்தார், என் வீட்டுக்காரரையும் மேலும் கீழும் பார்த்தார். சப்பரம் ஐந்தடி, இரண்டு பக்கமும் தூக்குகிற ஆட்கள் வேறு.

“இது நின்னா சப்பரம் முக்குலயே திரும்பிரும் தாயி,” என்று என்னிடம் சொன்னார். “அம்மன போட்டுக்குள்ள ஏறி இறங்கி வான்னா சொல்ல முடியும்?”

ஞாயிற்றுக்கிழமை அறுத்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இவர் ஞாயிற்றுக்கிழமை செய்வதாகச் சொன்ன காரியங்களை வரிசையாக எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். தாயே, கொடைக்குள் இந்தப் படகை எடுத்துவிடு. எடுப்பாய் என்பதற்கு எனக்கு ஒரு அடையாளம் காட்டு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வாசல் தெளிக்கப் போனேன். வாசற்படியில், கோலம் போடுகிற இடத்துக்கு நேராக, உள்ளங்கை அளவில் ஒரு தகடு கிடந்தது. நாலு மூலையிலும் ஓட்டை. மேல் பாதி கருஞ்சாம்பல் நிறத்தில் ஏதோ பூசி இறுகியிருந்தது. கீழ்ப் பாதியில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் எண்கள். கோவில்களில் அம்மன் பீடத்துக்கு அடியில் வைக்கிற எந்திரத் தகட்டை நான் பார்த்திருக்கிறேன். அச்சு அசல் அதே மாதிரி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க நாற்பத்தைந்து நாள் ஆனது.

எடுத்து, கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தேன். மேலே இறுகியிருந்ததைச் சுரண்டவில்லை. சுரண்டினால் சக்தி போய்விடுமோ என்று பயம். எண்களை மட்டும் பார்த்தேன். ஆறு கட்டம். ஐந்து, இருபத்தைந்து, நானூறு, பதினாலு, மூன்று, ஒரு கட்டம் காலி. இந்த மாதிரித் தகடுகளில் எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் என்பார்கள். நான் குறுக்கே கூட்டினேன், நெடுக்கே கூட்டினேன், வரவில்லை. நான் எட்டாம் வகுப்பு. என் கணக்குதான் தப்பு என்று விட்டுவிட்டேன். காலியாக இருந்த கட்டம் அம்மன் வந்து உட்காருவதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எந்திரத் தகட்டை எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கக்கூடாது. அலமாரியில் இருக்கும் அம்மன் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தினமும் குளித்து, பூப் போட்டு, கற்கண்டு வைத்துக் கும்பிடுவதாக நேர்ந்துகொண்டேன். மண்டலம் முடிகிறவரை அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். கொடை நாற்பத்தேழாவது நாள் வந்தது. ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாளே பலன் தெரிந்தது. சனிக்கிழமை காலையில், மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமா சக்கரம் உடைந்த பெட்டியோடு கடைக்கு வந்தார். ஏதோ ஒரு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுக்காரர். பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் எட்டிப் பார்த்தவர், படகைக் கண்டதும் பெட்டியை மறந்துவிட்டார். அலிபாக் பக்கம் அவர் மச்சினருக்குத் தோட்டமும் அதை ஒட்டி ஒரு உப்பாறும் இருக்கிறதாம். இப்படி ஒரு படகைத்தான் அவர் ரொம்ப நாளாகத் தேடுகிறாராம். அறுக்காதேயுங்கோ, நானே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

“என்ன மேக், எந்தக் கம்பெனின்னு தெரியணும் ஓய். அது இல்லாம பேப்பர் ஆகாது. பேப்பர் இல்லாத போட்டை எம் மச்சினன் தண்ணியில எறக்கினான்னா, போட்டையும் பிடிச்சுண்டு போயிடுவா, அவனையும் பிடிச்சுண்டு போயிடுவா. அவன் போனாப் பரவால்ல, எங்காத்துக்காரி என்னை விடமாட்டா.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். மேக் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வேலையா. மூடி இல்லாத பெரிய சூட்கேஸ்தானே என்றார். நாளைக்கே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். நான் உள்ளே போய்ப் படத்துக்குப் பின்னால் இன்னும் நாலு பூ அதிகமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகைச் சுண்டினார். முன்னால் சுண்டினார், பின்னால் சுண்டினார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே குனிந்து மோந்து பார்த்தார். பெட்டி என்றால் சக்கரத்தைப் பார்த்ததும் கம்பெனி தெரிந்துவிடும், இதற்குச் சக்கரமே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். மத்தியானம் வரை சுண்டிச் சுண்டி விரல் வீங்கிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு சந்தில் இருக்கிற எல்லோரும் சுண்ட ஆரம்பித்தார்கள். பால் வாங்கப் போகிறவர் ஒரு சுண்டு, வேலைக்குப் போகிறவர் ஒரு சுண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் ஆணியைப் பார்த்து ஜப்பான் என்றார். கமிட்டித் தலைவர் ரஷ்யா என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இவ்வளவு கனமாக வேறு யார் செய்வார்கள் என்றார். அக்கா மட்டும், இது எந்த நாட்டுப் படகாக இருந்தாலும் சரி, அந்த நாட்டுக்காரர்கள் புத்தியோடுதான் இதைத் தொலைத்திருக்கிறார்கள் என்றாள்.

அணுசக்தி நகரில் என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் டெக்னீஷியனாக இருக்கிறார். பெரிய பெரிய விஞ்ஞானிகளோடு பழகுகிறவர். அவர் ஒரு லீவு நாளில் பூதக்கண்ணாடியோடு வந்தார். சந்தே கூடி நின்றது. முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தார், ஒரு துணுக்கைச் சுரண்டி நெருப்பில் காட்டினார், தாளில் ஏதோ குறித்தார். கடைசியில் இது ஃபைபர், இது படகு, இரண்டும் உறுதி என்று சொல்லிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ஆனியில் பிடித்த மழை ஆடியிலும் விடவில்லை. நீலத் தார்ப்பாய் போட்டு மூடினாலும் படகு நிறைந்துவிடும். காலையில் எழுந்ததும் இவர் வாளியை எடுத்துத் தண்ணீர் இறைப்பார். வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட எங்கள் படகில் குறைவில்லாமல் வந்தது. அக்கா அதில் துணி அலசிக்கொண்டாள். கொசு மருந்து அடிக்க வந்த முனிசிபாலிட்டிக்காரர் தன் தாளில் தொட்டி, டயர், பூச்சட்டி என்றுதான் இருக்கிறது, படகுக்குக் கட்டம் இல்லை என்று கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, பூச்சட்டி என்று எழுதிக்கொண்டு போனார்.

மாமா வாரம் ஒரு முறை போன் செய்வார். இவர் போனை எடுக்கும்போதே எழுந்து நின்றுவிடுவார். கிட்டத்தட்ட கண்டுபிடித்துவிட்டேன், அமெரிக்கா என்றுதான் தோன்றுகிறது என்பார். அடுத்த வாரம் இங்கிலாந்து என்பார். இப்படியே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிங்கப்பூருக்குக் கீழே அவர் இறங்கவே இல்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. முப்பது வருஷமாகச் சுண்டிய விரல் இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அப்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அறுத்துப் போட்டுவிடுங்கள், அம்மன் வரட்டும் என்று சொல்ல வந்தவள், வாயை மூடிக்கொண்டேன். வாக்குக் கொடுத்த பொருளை அறுக்கமாட்டார். வேறு இடத்துக்குத் தூக்கி வைக்கலாம் என்றால், தாராவியில் ஒரு ஆள் நிற்கிற இடம் சும்மா இருந்தாலே அங்கே ஒரு கடை வந்துவிடும்.

நான் என் பங்குக்கு தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு, படத்தைக் கொஞ்சம் தூக்கி, தகட்டுக்குப் பூவும் கற்கண்டும் வைத்து, ஒரே வேண்டுதலை வைத்தேன். தாயே, அந்தப் படகு எந்தக் கம்பெனி என்று அவருக்குக் காட்டிக் கொடு. இதை அந்தத் தகட்டிடமே கேட்டேன். நாற்பத்தைந்து நாள், ஒரு நாள் விடாமல் கேட்டேன்.

நாற்பத்தைந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை கொடை. கோவிலில் பந்தல் போட்டாகிவிட்டது. எங்கள் சந்தை விட்டுவிட்டு அடுத்த சந்து வழியாகச் சப்பரம் போகட்டும் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டதாக அக்கா வந்து சொன்னாள். கேலி இல்லாமல் சொன்னாள். அவள் வாசலுக்கும் அம்மன் வரமாட்டாளே. நான் தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

என் மகள் சயானில் காலேஜில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், மற்றதெல்லாம் போனில் வேகம். அவள் நாலு நாளைக்கு முன்பு படகைப் பல பக்கமும் படம் எடுத்து, பழைய படகு ஆசைக்காரர்கள் கூடிப் பேசுகிற ஏதோ ஒரு குழுவில் போட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் பதில் வந்தது. அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னாள்.

“அப்பா, ஷேப்ப வச்சுச் சொல்ல முடியாதாம். பின்னாடி ரைட் சைடுல ஒரு சின்ன பிளேட் இருக்கணுமாம். கை அகலம். அதுல மேல கம்பெனி பேரு, கீழ பாக்ஸ் பாக்ஸா நம்பர். எத்தன ஆள் ஏறலாம், எவ்ளோ வெயிட், அப்டி. பிளேட் போயிருந்தா நாலு ஓட்டை இருக்குமாம், பாருங்க.”

இருவரும் வெளியே ஓடினார்கள். பாசியைத் துடைத்தார்கள். நாலு ஓட்டை இருந்தது என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

என் கையில் கரண்டி நின்றுவிட்டது.

கை அகலம். கட்டம் கட்டமாக எண். நாலு மூலையிலும் ஓட்டை. ஐந்து ஆள். நானூறு கிலோ. வெளியே இவர் சாக்கடைக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார். தகடு எங்கே, தகடு எங்கே என்று சந்து முழுக்கத் தேடுகிறது.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டலம் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அது படகுத் தகடு என்று தெரிந்த பிறகும் எனக்கு வாய் வரவில்லை. தகடு யாருடையதாக இருந்தால் என்ன, நேர்ந்துகொண்டது அம்மனிடம் அல்லவா. சொன்னால் நேர்ச்சை தப்பும். சொல்லாவிட்டால் அம்மன் வரமாட்டாள். அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் தவித்தேன். பிறகு புத்தியில் ஒன்று பட்டது. வாய் திறந்து சொல்லக்கூடாது என்பதுதான் முறை. கையால் காட்டக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

அப்படியே வெளியே போனேன். விரித்த முடி, நெற்றி நிறையக் குங்குமம், அழுது சிவந்த கண், கையில் கரண்டி. இவர் கையைப் பிடித்து இழுத்தேன். என்னட்டி என்றார். நான் பேசவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, உள்ளே வா என்று தலையை ஆட்டினேன். கொடைக்கு இரண்டு நாள் இருக்கிற சமயம். தூரத்தில் கோவிலில் மேளம் பழகுகிற சத்தம் வேறு.

இவர் சாக்கடைக் கையோடு கும்பிட்டுவிட்டார்.

“தாயே, வந்துட்டியா,” என்றார். “என்ன குத்தம் செஞ்சேன், சொல்லு தாயே.”

இல்லை இல்லை என்று நான் தலையை வேகமாக ஆட்டினேன். ஆட்டியது தப்பாகப் போயிற்று. சாமி ஆடுது என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஓடிப் போய் வேப்பிலையோடு வந்தாள். அது அவ்வளவு சீக்கிரம் அவளுக்கு எங்கே கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் முகத்தில் மஞ்சள் தண்ணீர் வந்து விழுந்தது. சந்தே கைகூப்பி நின்றது. ஏழு வாரமாக என்னைக் கேலி செய்த அக்கா என் காலடியில் உட்கார்ந்து, தன் மகனுக்கு இந்தத் தையிலாவது பொண்ணு அமையுமா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும். வழியை விடு என்று கரண்டியை மேலும் கீழும் ஆட்டினேன். தை பிறந்தால் நடக்கும் என்று அவளே அர்த்தம் செய்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

என் மகள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, மம்மி, க்யா கர் ரஹீ ஹோ, என்ன பண்ற நீ என்றாள்.

ஒரு வழியாக இவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய், அம்மன் படத்தைத் தூக்கிக் காட்டினேன். பூவுக்கு நடுவில், மஞ்சளும் குங்குமமுமாக, நாலு ஓட்டையோடு தகடு இருந்தது. இவர் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிச் சொன்னார்.

“அம்மன் தகடு குடுத்துட்டா.”

வெளியே குலவைச் சத்தம் எழும்பியது. அம்மன் என்மேல் இறங்கி, படகுத் தகட்டைத் தன் படத்துக்குப் பின்னால் வரவழைத்துக் கொடுத்துவிட்டாள் என்று அரை மணி நேரத்தில் நாலு சந்துக்குச் செய்தி போய்விட்டது. நடந்தது அதுவல்ல என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என்னால் புதன்கிழமை வரை சொல்லவும் முடியாது.

இவர் கடையிலிருந்து தின்னர் எடுத்து வந்து, தகட்டின் மேல் பாதியைத் துடைத்தார். பொட்டு அழிவதைப் பார்க்க மனசு இல்லாமல் நான் கண்ணை மூடிக்கொண்டு, தாயே பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாம்பல் நிறப் பெயிண்ட் கரைந்து இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தது. மகள் வாசித்தாள். கம்பெனி பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது இப்போது இல்லவும் இல்லையாம். கீழே இன்னொரு வரி இருந்தது. படகு, குளியல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி செய்பவர்கள், செம்பூர், பம்பாய்.



“செம்பூரா,” என்றார் இவர்.

அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான், ரஷ்யா எல்லாம் அவர் முகத்தைவிட்டு ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை நான் பார்த்தேன். தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கேயாவது வேறு நாடு எழுதியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கோ வேறு கவலை. உள்ளூர்ப் படகு என்றால் மாமா வேண்டாம் என்றுவிடுவாரோ. மகள்தான் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். செம்பூர் என்று அவள் சொன்னாள். நான் அம்மனை நினைத்துக்கொண்டேன்.

“பேஷ்,” என்றார் மாமா. “வெளிநாட்டு மேக்னா அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர்னு ஆயிரம் கேப்பா. செம்பூர்னா என்ன கவலை. நாளைக்குக் காலம்பற டெம்போவோட வரேன்.”

திங்கட்கிழமை ஆட்களோடு வந்துவிட்டார். படகு வந்த மாதிரியே சாய்ந்து நிமிர்ந்து வெளியே போயிற்று. தகட்டை நான் ஒரு வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன். கொடுக்கக் கை வரவில்லை. நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது, இரண்டு நாள் பாக்கி. மாமா தகட்டைப் பார்த்தார். ஓட்டைக்குள் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டார்.

“பூஜையில இருந்ததா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். “மண்டலமா?” தலையாட்டினேன். “எத்தனை நாள் பாக்கி?” இரண்டு விரலைக் காட்டினேன்.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

“ரெண்டு நாள் எங்காத்துல இருக்கட்டும். நான் பண்றேன். புதன்கிழமைக்கு அப்பறந்தான் போட்டுல மாட்டச் சொல்லுவேன். நைவேத்யம் என்ன?”

அடுப்படியில் போய்க் கற்கண்டு டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை கொஞ்சம் நின்று கொடுத்தது. படகு நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதன்மேல் பெரிய கோலமாகப் போட்டு, நிறைகுடமும் மாவிளக்கும் வைத்து நின்றேன். மேளம் முக்குத் திரும்பியது. அம்மன் வந்தாள். சப்பரம் ஆடி ஆடி வந்து என் வாசலில் நின்றது. சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, மூக்குத்தி மின்னியது. என்னைத்தான் பார்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, அழுதுகொண்டு நின்றேன். அக்கா தேங்காய்த் தட்டைப் பூசாரியிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினாள். மெதுவாகப் பூசாரி பக்கம் திருப்பிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் விளக்கேற்றி, மண்டலத்தை முடித்து, அக்கா வாசலுக்குப் போய் முதல் வேலையாக உண்மையைச் சொன்னேன். சாமி வரவில்லை, தகடு என் வாசலில்தான் கிடந்தது, நான்தான் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். சாமி வருகிறவர்களுக்கு வந்தது நினைவிருக்காது என்று சொல்லிவிட்டாள். கமிட்டித் தலைவரிடம் சொன்னேன். இந்த அடக்கம் எத்தனை பேருக்கு வரும் தாயி என்று அடுத்த வருஷக் கொடைக்கு என் பெயரை முதல் வரியில் எழுதிக்கொண்டார். இதையெல்லாம் இப்போது எழுதுவதும் அதற்குத்தான். படிக்கிற நீங்களாவது நம்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் நம்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நான் நாடு நாடாகச் சுண்டிக்கொண்டிருந்தபோது அது என் தலைக்கு மேல் அலமாரியிலா இருந்தது என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ஒன்று கேட்டார்.

“நாப்பத்தஞ்சு நாளா அதுகிட்ட என்னத்தட்டி கேட்டே?”

“போட்டு எந்தக் கம்பெனின்னு காட்டணும்னுதான்.”

யோசித்தார். ஒரு வாய்ச் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“அப்ப கேட்டது கெடைச்சிட்டுல்லா,” என்றார்.

இப்போதெல்லாம் வீட்டில் கத்தரிக்கோலைக் காணோம் என்றாலும் கடைச் சாவியைக் காணோம் என்றாலும், அவர் முதலில் போய் அம்மன் படத்தைத்தான் தூக்கிப் பார்க்கிறார்.